மேரி பிரெக்கின்ரிட்ஜ்

மேரி பிரெக்கின்ரிட்ஜ் (பெப்ரவரி 17, 1881 - மே 16, 1965) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த செவிலியரும் மருத்துவச்சியும் ஆவார். கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியில் 1925 இல் இவர் தொடங்கிய அமைப்பு, பின்னர் பிரான்டியர் நர்சிங் சேவை எனப் பெயர் பெற்றது. பயிற்சி முடித்த செவிலியர்களுக்கு மகப்பேற்று மருத்துவத்தில் மேற்பயிற்சி அளித்து, மருத்துவர் இல்லாத ஊர்களில் அவர்களைப் பணியமர்த்தியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

மேரி டென்னசி மாநிலத்தின் மெம்பிசு நகரில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் ஐக்கிய அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். தந்தை கிளிப்டன் நாடாளுமன்ற உறுப்பினராகவும், 1890களில் உருசியாவுக்கான தூதராகவும் பணியாற்றினார். இதனால் மேரியின் கல்வி வாசிங்டன், சென் பீட்டர்சுபேர்க், சுவிட்சர்லாந்து எனப் பல இடங்களில் அமைந்தது.

1904 இல் வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். அவர் 1906 இல் இறந்தார். இளம் வயதில் கைம்பெண்ணான மேரி, நியூயார்க் செயின்ட் லூக்சு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி பெற்று 1910 இல் தேர்ந்தார். 1912 இல் மறுமணம் செய்துகொண்டார். 1916 இல் குறைமாதத்தில் பிறந்த மகள் பாலி சில மணி நேரமே உயிர்வாழ்ந்தாள். மகன் பிரெக்கி 1918 இல் நான்கு வயதில் இறந்தான். இவ்விழப்புகளுக்குப் பின் தாய்சேய் நலனுக்கே தம் வாழ்நாளை ஒப்படைக்க முடிவு செய்தார். 1920 இல் மணமுறிவு பெற்றுத் தம் பிறந்த குடும்பப் பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டார்.

பிரான்சிலும் பிரித்தானியாவிலும்

முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சின் சீரழிந்த ஊர்களில், வீடு தேடிச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் கவனிக்கும் செவிலியர் பணியை ஒழுங்குபடுத்தினார். அங்கு இவர் ஒரு வேறுபாட்டைக் கண்டார். பிரான்சில் மருத்துவச்சிகள் செவிலியர்களாக இல்லை. அமெரிக்காவில் செவிலியர்கள் மருத்துவச்சிகளாக இல்லை. பிரித்தானியாவில் மட்டும் ஒருவரே இரு பயிற்சியும் பெற்றிருந்தார். மருத்துவர் எட்டாத இடத்துக்குத் தேவையானவர் இவ்விரு பயிற்சியும் பெற்றவரே என்று மேரி கருதினார்.

1923 கோடையில் கென்டக்கியின் லெசுலி, நாட், ஓசுலி ஆகிய மாவட்டங்களில் குதிரையில் சென்று, அங்கு பேறு பார்த்துவந்த மருத்துவச்சிகளை நேரில் கண்டு ஆய்வு செய்தார். அவர்களுள் பெரும்பாலோர் முறையான பயிற்சி இல்லாத முதிய பெண்கள். உரிமம் பெற்ற மருத்துவரைக் காண்பதே அப்பகுதியில் அரிதாக இருந்தது. அக்காலத்தில் அமெரிக்கச் செவிலியர் கல்வியில் தனித்துப் பேறு பார்க்கும் பயிற்சி இடம்பெறவில்லை. எனவே மேரி, தம் நாற்பதுகளில், இலண்டன் வூலிச்சில் இருந்த தாய்சேய் மருத்துவமனையில் மாணவியாகச் சேர்ந்து மருத்துவச்சிச் சான்றிதழ் பெற்றார். பின்னர் இசுக்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் இயங்கிய மருத்துவ, செவிலியர் சேவையை நேரில் ஆராய்ந்தார். இவருடைய திட்டத்துக்கு அச்சேவையே முன்மாதிரி ஆயிற்று.

குதிரையில் சென்ற செவிலியர்

1925 இல் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான கென்டக்கிக் குழுவை நிறுவினார். இதுவே 1928 இல் பிரான்டியர் நர்சிங் சேவை எனப் பெயர் மாறியது. லெசுலி மாவட்டத்தின் வென்டோவரில் மரக்கட்டைகளால் கட்டப்பட்ட வீடு இதன் தலைமையகமாக விளங்கியது. 1928 இல் அருகிலுள்ள ஐடன் ஊரில் சிறு மருத்துவமனை திறக்கப்பட்டது. சுற்றிலும் கிளை நிலையங்கள் அமைக்கப்பட்டு, செவிலியர்கள் அங்கேயே தங்கினர்.

வாகனச் சாலைகள் இல்லாததால் செவிலியர்கள் ஓடைகளையும் மலைத்தடங்களையும் குதிரையில் கடந்தனர். கருவுற்ற பெண்களை முன்கூட்டியே பதிவு செய்து தொடர்ந்து கவனித்தனர், வீட்டிலேயே பேறு பார்த்தனர், தடுப்பூசி போட்டனர், காயங்களுக்கும் நோய்களுக்கும் முதல்நிலைச் சிகிச்சை அளித்தனர். பேறுகாலப் பணிக்கான கட்டணம் 5 டாலர். பணம் இல்லாதோர் அதைத் தானியமாகவோ உழைப்பாகவோ செலுத்தலாம். இக்கட்டணம் செலவை ஈடுகட்டவில்லை. ஆகவே மேரி பெருநகரங்களுக்குச் சென்று உரையாற்றி நன்கொடை திரட்டினார்.

மருத்துவர் உடனில்லாதபோது செவிலியர் எதுவரை செல்லலாம் என்பது இச்சேவையின் முக்கியச் சிக்கலாக இருந்தது. இதற்கென மருத்துவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று எழுத்து வடிவில் நிலையான வழிமுறைகளை வகுத்தது. எந்த நிலையில் எம்மருந்தைத் தரலாம், எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும் என்பன அதில் வரையறுக்கப்பட்டன.

மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயி டப்ளின் இச்சேவையின் முதல் 1,000 பேறுகளை ஆராய்ந்தார். பேறுகாலக் காரணங்களால் ஒரு தாயும் இறக்கவில்லை என அவ்வாய்வு கண்டது. அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் 10,000 பிறப்புகளுக்கு 60க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர்.

மேற்பயிற்சிப் பள்ளி

தொடக்க ஆண்டுகளில் செவிலியர்கள் பிரித்தானியாவிலிருந்து வரவழைக்கப்பட்டனர். அல்லது அமெரிக்கச் செவிலியர்கள் பயிற்சிக்காக அங்கு அனுப்பப்பட்டனர். 1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரித்தானியச் செவிலியர் பலர் தாய்நாடு திரும்பினர். கடல்கடந்து மாணவிகளை அனுப்பவும் இயலவில்லை. சேவையே நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் மேரி ஐடனில் மருத்துவச்சிப் பணிக்கான மேற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நியூயார்க்கில் 1930களின் தொடக்கத்திலேயே இத்தகைய பள்ளி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. எனினும் மலைநாட்டுக் கிராமச் சூழலில், மருத்துவமனையிலும் வீடுகளிலுமாக, மேற்பார்வையின் கீழ் பேறு பார்த்துக் கற்பது இப்பள்ளியின் சிறப்பாகும். ஏற்கனவே தகுதி பெற்ற செவிலியர்களே இதில் சேர்க்கப்பட்டனர்.

இறுதிக்காலமும் தாக்கமும்

1931 இல் குதிரையிலிருந்து விழுந்து மேரியின் முதுகெலும்பு முறிந்தது. ஆயினும் இறக்கும்வரை சேவையின் இயக்குநராகத் தொடர்ந்தார். 1952 இல் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். 1965 மே 16 அன்று வென்டோவரில் காலமானார்.

அதே ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்ட், என்றி சில்வர் ஆகியோர், நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்கும் தகுதியைச் செவிலியர்களுக்கு அளிக்கும் நர்சு பிராக்டிசனர் பயிற்சியைத் தொடங்கினர். 1970 இல் ஐடன் பள்ளியும் குடும்ப நலத்துக்கான அத்தகைய பயிற்சியைத் தொடங்கியது. இப்பள்ளி பின்னர் வளர்ந்து பிரான்டியர் நர்சிங் பல்கலைக்கழகம் ஆனது. 1998 இல் ஐக்கிய அமெரிக்க அஞ்சல் துறை மேரியின் உருவம் பொறித்த 77 சென்ட் அஞ்சல்தலையை வெளியிட்டது.

மேரி இனப் பிரிவினையை ஏற்றுக்கொண்ட குடும்பச் சூழலில் வளர்ந்தவர். தாமும் அக்கருத்துகளைக் கைவிடவில்லை. பிற்கால வரலாற்றாளர்கள் இதை விமரிசித்துள்ளனர். செவிலியரின் எல்லையை விரித்த இவரது பணியும், மனிதரை இன அடிப்படையில் பிரித்த இவரது பார்வையும் இன்று ஒருசேர ஆராயப்படுகின்றன.