வைரத்தோடு வேண்டாம் என்ற சிறுமி

குட்டீஸ்... மொட்டை மாடிக் கொடியில் உங்கள் சிவப்பு பனியனை வாரக்கணக்கில் எடுக்காமல் விட்டுப் பாருங்கள். வெளுத்துப் போகும். அம்மா திட்டினால் நான் பொறுப்பில்லை!

சாயத்தை வெளுக்க வைப்பதில் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிர்கள் அளவுக்கு மீறினால் நம் தோலையும் கெடுக்கும். இன்று, நம் மேல் இவை எவ்வளவு படுகின்றன என்று கணக்கிட, கைக்கடிகாரம் போல் கட்டிக்கொள்ளும் குட்டிக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால், நம் நாட்டு வெயிலை முறையாக அளக்க வழி செய்தவர் யார் தெரியுமா? அன்னா மாணி என்ற பெண் விஞ்ஞானி.

1918 ஆகஸ்ட் 23ல், பீர்மேட்டில் பிறந்தார் அன்னா. அப்பா பொறியாளர், ஏலக்காய்த் தோட்டமும் இருந்தது. எட்டாவது பிறந்த நாளுக்கு, பெண் குழந்தைகளுக்கு வைரத்தோடு தருவது அந்த வீட்டு வழக்கம். அன்னாவோ, 'அது வேண்டாம். கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள்' என்று கேட்டுவிட்டார்! காந்திஜி வைக்கம் வந்த பிறகு, கதர் உடுத்தத் துவங்கினார். அந்த நாளில் நம் திருப்பூரும் கதருக்குப் பெயர் பெற்ற ஊர்தான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே கொடுத்த வேலை என்ன தெரியுமா? வைரங்களை ஆராய்வது! வேண்டாம் என்றாலும் வைரம் விடவில்லை, பாருங்கள். ஒளி பட்டதும் வைரம் எப்படி மின்னுகிறது என்று, ஒரே படத்துக்கு 15, 20 மணி நேரம் கூடக் காத்திருந்து பதிவு செய்தார். ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். இருந்தும், எம்.எஸ்சி., படிக்கவில்லை என்று காரணம் காட்டி, டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டது பல்கலைக்கழகம். எழுதிய ஆய்வேடு நூலகத்தில் தங்கிவிட்டது. எவ்வளவு வலித்திருக்கும்!

அன்னா அதோடு நின்றுவிடவில்லை. 1945ல் லண்டன் போய், வானிலைக் கருவிகள் பற்றிக் கற்றார். 1948ல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி போன்ற கருவிகள் வெளிநாட்டிலிருந்து வந்த காலம் அது. ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, இங்கேயே செய்ய வைத்தார். தவறான அளவு எடுப்பதைவிட, அளக்காமல் இருப்பதே மேல் என்று நினைப்பவர் அவர். 1957 - 58ல் நாட்டின் பல இடங்களில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார்.

வானத்தில் ஓசோன் என்ற குடை இருப்பது உங்களுக்குத் தெரியும். புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுப்பது அதுதான். அந்தக் குடையை அளக்க, பலூனில் கட்டி அனுப்பும் கருவியை அன்னாவின் குழு உருவாக்கியது. மேலே போகப் போக, சின்ன பம்பு காற்றை இழுத்து ஒரு ரசாயனக் கரைசலுக்குள் செலுத்தும். ஓசோன் இருந்தால் துளி மின்சாரம் உண்டாகும். எவ்வளவு மின்சாரமோ, அவ்வளவு ஓசோன். தகவல் ரேடியோவில் கீழே வந்து சேரும்.

1976ல் ஓய்வு பெற்றும் ஓயவில்லை. இந்தியச் சூரிய ஒளி பற்றி இரண்டு பெரிய நூல்கள் தந்தார். அடுத்து, காற்றாலை வைக்க எங்கெங்கே போதுமான காற்று வீசுகிறது என்று அளக்கக் கிளம்பினார். 2001 ஆகஸ்ட் 16ல், திருவனந்தபுரத்தில் காலமானார்.

பல்லடம், உடுமலைப் பக்கம் பஸ்ஸில் போனால், ஜன்னல் வழியே காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கலாம். பனியனுக்கு நூல் தரும் ஆலைகள் சிலவற்றுக்கு, அங்கிருந்துதான் மின்சாரம் போகிறது.