சாமுவேல் பேக்கரும் அளந்திட்ட மருந்தும்

யானை வேட்டைக்குச் செல்வோனின் உயிர், காட்டில் அவன் காட்டும் வீரத்தை மட்டும் நம்பி நிற்பதன்று; புறப்படுமுன் அவன் அளந்து வைத்த வெடிமருந்தையும் நம்பியே நிற்கிறது. மருந்து குறைந்தால் குண்டு வேகமின்றிச் சென்று எலும்பிலேயே தங்கிவிடும். மிகுந்தால் துப்பாக்கியே சுட்டவனைத் தாக்கும். இவ்வளவினை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் சர் சாமுவேல் வைட் பேக்கர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அந்நாளைய துப்பாக்கித் தொழிலாளர், பெருமளவு மருந்தும் குறி தப்பாமையும் ஒருங்கே அமையா எனக் கருதினர். பத்தொன்பது அகவையே நிரம்பிய பேக்கர் இதனை ஏற்றாரல்லர். 1840இல் தாமே ஒரு துப்பாக்கியைத் திட்டமிட்டுப் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரிடம் செய்வித்தார். அதன் எடை 21 பவுண்டு. குழலின் நீளம் 36 அங்குலம். ஒருமுறை சுட 16 டிராம், அஃதாவது ஏறத்தாழ 28 கிராம் மருந்து. அதற்கு 3 அல்லது 4 அவுன்சு எடையுள்ள குண்டு.

எடை மாறாத குண்டின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. அவ்வேகத்தைத் தருவது மருந்து. ஆயினும், குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அவ்வுதையைத் தாங்கவே அத்துணை எடை வேண்டியிருந்தது. வேகத்தின் விலையைத் தோள் கொடுத்தாக வேண்டும் என்பதைப் பேக்கர் இளமையிலேயே உணர்ந்தார்.

பின்னர் இலங்கை சென்ற அவர், 1848இல் தம் உடன்பிறந்தாருடன் நுவரெலியாவில் பண்ணை அமைத்தார். அங்கே யானையின் நெற்றியை நோக்கிச் சுடுவது அவருக்குக் கைவந்த கலையாயிற்று. 1861இல் ஆப்பிரிக்கா சென்றபோது அக்கலை பொய்த்தது. ஆப்பிரிக்க யானையின் மண்டையமைப்பு வேறு; இலங்கையில் பலித்த குறி அங்கே பலிக்கவில்லை. அரைப் பவுண்டு குண்டு எறியும் மாபெரும் துப்பாக்கி ஒன்றும் அவரிடம் இருந்தது. அரபுப் பணியாளர் அதனைப் பீரங்கியின் பிள்ளை என அழைத்தனர். 10 டிராம் மருந்திட்டுச் சுட்டால், அது அவரையே சுழற்றிவிடும். ஆதலின் அதனை அவர் அரிதாகவே கையிலெடுத்தார். அளவு கடந்த ஆற்றல் பயன்படாத ஆற்றலாகவே நின்றது!

அதே நிலத்தில் ஹம்ரான் அரபியர், மருந்தும் குண்டும் இன்றிக் குதிரையூர்ந்து, வாளொன்றாலேயே யானையை வீழ்த்தக் கண்டு அவர் வியந்தார். தம் கருவியின் பெருமையில் மயங்கிப் பிறர் திறத்தை மறைக்காமல், அதனை நூலில் விரிவாகவே பதிவு செய்தார். இப்பண்பு நாம் போற்றத்தக்கது.

1864 மார்ச் 14ஆம் நாள், பின்னாளில் தம் மனைவியான பிளாரன்சுடன் ஆல்பர்ட் ஏரியைக் கண்டார். 1866இல் சர் பட்டம் பெற்றார். 1869 முதல் 1873 வரை, எகிப்தின் கெதீவ் இசுமாயீல் ஆணையின்படி, மேல் நைல் பகுதியில் அடிமை வாணிகத்தை ஒடுக்கும் பணியில் ஈடுபட்டார்.

1890இல் தம் பட்டறிவையெல்லாம் காட்டு விலங்குகள் பற்றிய நூலாக்கினார். வேகத்தை நாடி எடை குறைத்து உள்ளே குடைந்த குண்டுகள் அக்காலத்தில் பரவியிருந்தன. பெருவிலங்கின் மீது அவை சிதறிவிடும் என்பதால் பேக்கர் அவற்றை எதிர்த்தார். புலிக்கு மென்மையான கெட்டி ஈயக் குண்டு; யானைக்குக் கடினப்படுத்திய குண்டு; இதுவே அவர் கண்ட முடிவு. வேகம் மட்டும் போதாது. அவ்வேகத்தைத் தாங்கும் உறுதி குண்டுக்கும், தாங்கும் வலிமை தோளுக்கும் வேண்டும். 1893 டிசம்பர் 30ஆம் நாள் அவர் மறைந்தார்.

இலங்கைக் காடுகளில் விளையாட்டுக்காக அவர் கொன்ற யானைகள் பல. அதனை நாம் புகழ இயலாது. இன்று அவ்வுயிர்களைச் சட்டம் காக்கிறது. ஆயினும் ஒன்றை அவரிடம் கற்கலாம். பெருஞ்செயல் தொடங்குமுன் தனித்திருந்து அளந்து பார்த்தலும், அளவு தவறெனக் கண்டால் தம் கொள்கையையே திருத்திக்கொள்ளுதலும் அறிவுடைமை. மாணவச் செல்வங்கள் இவ்வளவறிதலை நெஞ்சிற் கொள்வார்களாக!