கருவிகளுக்குப் பெயர் எழுதி வைத்த அபூபக்ர் ராஸீ

ராஸீ என்றதும் திருக்குர்ஆன் விரிவுரை வரைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ அவர்களே நம்மவர் நினைவுக்கு வருவார்கள். ஈண்டு நாம் கூறப் புகுவது அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முற்பட்ட வேறொருவரை. ரை நகரத்தார் ராஸீ எனப்படுவர். அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா என்னும் இவர், இன்றைய தெஹ்ரானை அடுத்த அந்நகரில் ஹிஜ்ரி 251இல் (கி.பி. 865) பிறந்தார்.

மருத்துவராகவே உலகம் இவரை அறியும். ரையிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கினார். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என விளக்கி நூல் எழுதினார். எனினும், இவர் முதலில் ஈடுபட்டது இரசவாதத்தில்தான். நெருப்பின் அருகிலும் கடும் நெடியிலும் பழகியதால் கண்கள் நோயுற, அதுவே இவரை மருத்துவத்தின்பால் திருப்பியது என அல்பிரூனீ எழுதுகிறார்.

பொன் செய்யும் வித்தை பிறர் கைக்குப் போய்விடலாகாது என அஞ்சி, இரசவாதிகள் தம் முறைகளைப் பூடகமாகவே எழுதி வந்தனர். ராஸீயோ, புகாரா மாணவர் ஒருவர் வேண்டிக்கொள்ள, 'கிதாபுல் அஸ்ரார்' என்னும் நூலை எழுதினார். பெயர்தான் இரகசியங்களின் நூல். பொருள்கள், கருவிகள், செய்முறைகள் என மூன்றும் அதில் வெளிப்படையாகவே வைக்கப்பட்டுள்ளன.

கருவிகளை அவர் இரு வகையாக்கினார். உலை, துருத்தி, மூசை, குறடு, கரண்டி, கத்தரி, சம்மட்டி, அரம் ஆகியவை உலோகம் உருக்குவதற்கு. ஏனைய பொருள்களைப் பக்குவம் செய்வதற்குரியவை மற்றொரு வகை. அவற்றுள் 'கர்உ' என்பது சுரைக்காய் வடிவக் குடுவை. சுரைக்காய் என்பதே அச்சொல்லின் பொருள். அதன் வாய்மீது 'அன்பீக்' என்னும் மூடி பொருந்தும். சூட்டினால் எழும் ஆவி மூடியில் குளிர்ந்து நீராகி, அதன் நீண்ட மூக்கு வழியே வேறொரு குடுவையில் சொட்டும். நம் வீட்டு விசேடங்களில் தெளிக்கும் பன்னீரும் இம்முறையில் வடிப்பதே. நவச்சாரம் போன்றவை உருகாமலே ஆவியாகி மேலே சென்று படியும். அதற்கு 'உஸால்' என்னும் கலம். நேர் நெருப்புத் தாங்காதவற்றுக்கு நீர்த்தொட்டியும் மணல் தொட்டியும். வடிகட்ட மயிர்த்துணியும் நார்த்துணியும். அரைக்கக் கல்வமும் குழவியும். கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்த 'அன்பீக்', 'அல்' சேர்ந்து இலத்தீன் வழியே ஐரோப்பிய மொழிகளில் 'அலெம்பிக்' ஆயிற்று.

தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கலாம் என்று ராஸீயும் நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது, கருவிகள் நிலைத்தன. இன்றும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவன் வாலை வடிக்கிறான், நீர்த்தொட்டியில் சூடேற்றுகிறான்.

நுபுவ்வத் குறித்து இவர் கூறியனவாக வழங்கும் கருத்துகள் நமக்கு உடன்பாடல்ல. அல்பிரூனீயும் இவருடைய சமயக் கருத்துகளைக் கடிந்தார். ஆயினும், இவருடைய நூல்களைத் தேடி, 184 தலைப்புகள் கொண்ட பட்டியல் வகுத்தவரும் அவரே. கண்டிக்க வேண்டியதைக் கண்டித்து, கற்க வேண்டியதைக் காத்த அப்பெருந்தன்மை இன்று அரிதாகி வருகிறது.

இறுதிக் காலத்தில் ராஸீயின் பார்வை முற்றிலும் மறைந்தது. பிறந்த ஊராகிய ரையிலேயே, ஹிஜ்ரி 313 ஷஅபான் பிறை 5இல் (கி.பி. 925) காலமானார்.