துறைமுகம் காத்த ஸ்பிரிங்

சென்னைக்கு மேற்கே அமைந்துள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்பன கடலைக் காணாத ஊர்கள். ஆயினும், அவற்றைச் சூழ்ந்துள்ள தொழிற்சாலைகளில் உருவாகும் பொருள்களுள் பல கப்பலேறிக் கடல் கடந்து செல்கின்றன. கப்பலில் பொருள்களை ஏற்றுதற்கும் அதினின்று இறக்குதற்கும் அசைவற்ற நீர்ப்பரப்பு வேண்டும். சென்னைக் கரையில் அத்தகைய நீர்ப்பரப்பு இயற்கையாக அமைந்ததன்று. மக்கள் தம் அறிவாலும் உழைப்பாலும் ஆக்கிக்கொண்டதாகும். அதனை ஆக்கியோர் பலர். அழியாமற் காத்தோருள் தலையாயவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர்.

இளமையும் முதற்பணியும்

ஸ்பிரிங் 1849ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டில் பிறந்தார். டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியிற் பயின்றார். 1870ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, அரசாங்கத்தின் பொறியியற் பணியில் அமர்ந்தார். இருப்புப்பாதைப் பணியில் அவர் பல்லாண்டுகள் ஈடுபட்டார்.

இந்நாட்டுப் பேராறுகள் மணற்பாங்கான நிலத்தில் ஓடுவன. வெள்ளந்தோறும் போக்கை மாற்றிக்கொள்ளும் இயல்பின. இன்று பாலத்தின் கீழ் ஓடும் ஆறு, நாளை பாலத்தை விட்டு விலகி வேறு வழியே ஓடினும் ஓடும். ஆற்றை எதிர்த்துத் தடுப்பதனால் பயனில்லை. பாலத்தின் இருபுறத்தும் வளைந்த கரைகளை அமைத்து, ஆறு தானே பாலத்தின்கீழ்ப் புகுந்து செல்லுமாறு வழிகாட்டுதலே ஏற்ற முறையாகும். பெல் என்னும் பொறியியல் வல்லுநர் தொடங்கிய இம்முறையை நன்காராய்ந்த ஸ்பிரிங், 1903ஆம் ஆண்டில் அதனைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நீரின் இயல்பையும் மணலின் இயல்பையும் இங்ஙனம் கற்றறிந்தவரைச் சென்னைத் துறைமுகம் எதிர்நோக்கியிருந்தது.

துறைமுகத்தின் துயரநிலை

முற்காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையை அணுகமாட்டாமல் நடுக்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. மக்களும் மூட்டைகளும் மசூலாப் படகுகளிலேயே கரை சேர்ந்தனர். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து அமைத்த அப்படகுகள், அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன. நெய்தல் நில மக்களே அவற்றைத் திறம்படச் செலுத்தினர். எனினும் பொருள்கள் நனைந்து கெடுவதும், சிற்சில வேளைகளில் உயிர்ச்சேதம் நேர்வதும் உண்டு.

இத்துன்பத்தை நீக்கும்பொருட்டு, பார்க்ஸ் என்னும் வல்லுநர் வகுத்த திட்டப்படி 1875ஆம் ஆண்டில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினர். கரையினின்று இரண்டு சுவர்கள் கடலுள் நீண்டு சென்று, பின்னர் ஒன்றையொன்று நோக்கித் திரும்பின. அவற்றினிடையே கிழக்கு நோக்கிய வாயில் ஒன்று விடப்பட்டது. கடலடியில் கருங்கற்களைக் கொட்டி மேடாக்கி, அம்மேட்டின்மேல் பெரிய கான்கிரீட்டுக் கற்களை அடுக்கினர். வேலை முடியுந் தறுவாயில், 1881ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பெரும்புயல் வீசியது. பல்லாண்டு உழைத்துக் கட்டிய சுவர்களின் பெரும்பகுதி சிதைந்தது. மனந்தளராமல் அவற்றை மீண்டும் கட்டினர். அம்முயற்சி முற்றுப்பெற மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அலை அடங்கிற்று, ஆனால் மற்றொரு பகை மெல்ல வந்து சேர்ந்தது. அதுவே மணல். ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கினின்று சாய்வாக வந்து கரையில் மோதுகின்றன. அதனால் கடலோர மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் அது தெற்கே திரும்பினும், ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே மிகுதி. அம்மணலின் வழியைத் துறைமுகச் சுவர் மறித்தது. ஆகவே, தெற்கே மணல் குவிந்தது. இன்று மெரீனா கடற்கரை அத்துணை அகலமாய் விளங்குவதற்கு இதுவே பெருங்காரணமாகும். குவிந்த மணல் சுவரைச் சுற்றிக்கொண்டு சென்று, கிழக்கு வாயிலையும் மேடாக்கத் தலைப்பட்டது. வாயில் தூர்ந்தால் துறைமுகமே பயனற்றுப்போகும். மேலும், கிழக்கினின்று வரும் அலைகளும் அவ்வாயில் வழியே நேராக உட்புகுந்து, உள்ளே நின்ற கப்பல்களை அலைக்கழித்தன.

ஸ்பிரிங் கண்ட வழி

இந்நிலையில், 1904ஆம் ஆண்டில், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், ஸ்பிரிங் சென்னைத் துறைமுகப் பொறுப்பை ஏற்றார். ஆற்றினிடம் கற்ற பாடத்தை அவர் கடலிடத்தும் கையாண்டார். அலையையும் மணலையும் எதிர்த்து மேலும் மேலும் கற்களை அடுக்குதல் அவர் கருத்தன்று. அவற்றின் வழியினின்று வாயிலை விலக்குதலே அவர் கருத்து. கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கு மூலையிற் புதுவாயில் திறக்கத் திட்டமிட்டார். அதற்கு அரணாக ஒரு சுவரையும் வடக்கு நோக்கி நீட்டுவித்தார். பழைய வாயிலையே கப்பல்கள் அறிந்திருந்தன. அதனை அடைப்பது எளிய துணிபன்று. ஆயினும் திட்டம் நிறைவேறியது. கிழக்கலைகள் நேரே புகும் வழி அடைபட்டது. தெற்கிலிருந்து நகரும் மணலுக்கும் புதுவாயில் தொலைவாயிற்று. அதன்பின் கப்பல்கள் அணைந்து நிற்கும் துறைமேடைகளும், சரக்குக் கிடங்குகளும், இருப்புப்பாதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1911ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்குச் சர் பட்டம் அளித்தது.

எழுத்தரிடம் கண்ட மாணிக்கம்

1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். அவருக்கு மாதச் சம்பளம் 30 ரூபாய். அவர்தாம் கணிதமேதை சீனிவாச இராமானுசன். அவருடைய திறமையை அலுவலக மேலாளர் நாராயண ஐயர் உணர்ந்து, ஸ்பிரிங்குக்கு எடுத்துரைத்தார். கடைநிலை எழுத்தர்தாமே என்று ஸ்பிரிங் புறக்கணிக்கவில்லை. அறிஞர் பலரிடம் அவரைப்பற்றிப் பரிந்துரைத்தார். 1913ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்குதற்குத் துணைநின்றார். இராமானுசன் இங்கிலாந்து செல்லப் பொருள் வேண்டியபோது, ஆளுநரின் செயலாளருக்கும் கடிதம் எழுதினார். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள், இராமானுசனை ஏற்றிக்கொண்டு நெவாசா என்னும் கப்பல் சென்னையினின்று புறப்பட்டது. ஸ்பிரிங் காத்த துறைமுகம், அவர் மதித்த மேதையை உலகுக்கு வழியனுப்பியது.

எஞ்சிய கடமை

ஸ்பிரிங் 1919ஆம் ஆண்டில் பணியினின்று ஓய்வு பெற்றார். 1933ஆம் ஆண்டில் காலமானார். சென்னைக்கருகே மணல் நகரும் விதத்தை அளந்து ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை, லண்டன் நகரப் பொறியியற் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது.

எனினும், ஒரு கரையைக் காக்கும் சுவர் மற்றொரு கரையை நலிவிக்கவுங்கூடும் என்பதை மறத்தலாகாது. தெற்கே மணல் தங்கியதால், வடக்கே இராயபுரம் முதலான பகுதிகளுக்கு மணல் செல்வது குறைந்தது. அங்கே கடல் கரையை அரித்தது. மீனவர் குடியிருப்புகள் இடருற்றன. அதனைத் தடுக்கப் பிற்காலத்தில் கற்சுவர்களும், தூண்டில் வளைவு எனப்படும் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. ஸ்பிரிங் துறைமுகத்தைக் காத்தார்; துறைமுகத்தையும் அதன் அயலிலுள்ள கரைகளையும் ஒருங்கே காக்கும் கடமை பின்வந்தோருக்கு எஞ்சியது. கடலின் போக்கைப் பொறுமையுடன் அளந்தறிந்து, பின்னரே கல்லிடத் துணிதல் வேண்டும் என்பதே அக்கடமையை மேற்கொள்வோர்க்கு அவர் வாழ்க்கை காட்டும் நெறியாகும்.