சுவார்ட்ஸ் ஐயர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர்)

உச்சிப் பிள்ளையாரை அண்ணாந்து பார்க்கும் கண்களுக்குத் தெப்பக்குளத்துக்கு அருகே இருக்கும் கிறிஸ்து ஆலயம் எளிதில் தென்படுவதில்லை. 1766ஆம் ஆண்டில் எழுந்த ஆலயம் அது. அதனை எழுப்பியவர் கிறிஸ்டியான் பிரடெரிக் சுவார்ட்ஸ். இன்றும் நம் ஊர்க் கிறிஸ்தவப் பெரியவர்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றே உரிமையோடு சொல்வர்.

1726இல் பிரஷ்ய நாட்டில் பிறந்த இவர், 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். வந்த சில மாதங்களிலேயே தமிழில் அருளுரை ஆற்றினார் என்றால், அவர் எப்படி உழைத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி ஆகியவற்றையும் கற்றார். ஆங்கிலமோ அவருக்குத் தாய்மொழி அன்று. கோட்டையில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்காகவே அதையும் பழகிக்கொண்டார்.

1762இல் திருச்சிக்கு வந்தவர் 1778 வரை இங்கேயே தங்கினார். குடியிருந்தது ஒரு பழைய கட்டிடத்தின் சிறிய அறை. ஒரு கட்டில் போட்டால் மீதி இடம் அவர் நிற்கத்தான் போதும். உணவு நம்மவர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணியே ஆண்டு முழுவதற்கும் உடை. அரசு அவருக்குப் படையினரின் குருவாக ஆண்டுக்கு நூறு பவுன் வழங்கியபோது, அதில் பாதியைச் சபைக்கென ஒதுக்கிவிட்டார். கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து வீரர்கள் பலர் மாண்டபோது, அநாதைகளான குழந்தைகளைக் கூட்டிப் பள்ளி வைத்ததும் அவரே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர். பட்டம் கைக்கு வருமுன்பே வீட்டுப் பேச்சும் வீட்டு உடையும் குறைவாகத் தோன்றத் தொடங்கும் வயது நம்முடையது. ஐந்தாறு மொழி கற்ற ஒருவர் அந்தச் சிறிய அறையில் ஏன் மனநிறைவோடு இருந்தார் என்ற கேள்விதான் என்னை இவர் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

1779இல் சென்னை அரசு இவரை மைசூர் ஐதர் அலியிடம் தூது அனுப்பியது. வேறு தூதரை நம்பாத ஐதர், இந்தப் பாதிரியார் தம்மை ஏமாற்ற மாட்டார் என்று சொன்னதாகக் கூறுவர். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று முந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார் ஐதர். சுவார்ட்ஸ் மறுத்தும் விடவில்லை. அந்தப் பணத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்து அரசிடமே ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அரசு சொன்ன பிறகு, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார். தூதினால் அமைதி வரவில்லை. மறு ஆண்டே ஐதரின் படை கர்நாடகத்தில் புகுந்தது. எனினும் அந்தப் பாதிரியாரைத் தடையின்றிப் போகவிடுமாறு ஐதர் தம் படையினருக்கு ஆணையிட்டிருந்தார்.

அந்தப் போரில் தஞ்சைக் கோட்டை பட்டினியில் வாடியது. வெளியே ஊர்களில் நெல் இருந்தது, கொண்டுவரத்தான் ஆளில்லை. முன்பு நெல்லும் மாடும் கொடுத்த குடியானவர்களுக்குக் கூலி போய்ச் சேரவில்லை. ஆகவே அரசர் ஆணையும் ஆங்கிலேயர் ஆணையும் எடுபடவில்லை. சுவார்ட்ஸ் தம் சொல்லைப் பிணையாக வைத்தார்: பணம் கட்டாயம் கிடைக்கும், நான் தருகிறேன் என்று ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் திரண்டன; 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடி ஒவ்வொருவருக்கும் கொடுத்து அனுப்பினார். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் வியக்கவேயில்லை. கூலி ஒழுங்காக வரும் என்று தெரிந்தால் வண்டி தானாக வரும், இதிலென்ன அதிசயம் என்றார். மூட்டை சுமந்தவருக்கு உடனே விளங்கிவிட்டது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர் காலத்துச் சபைகளில் சாதிக்கேற்ப இருக்கை பிரிந்தே இருந்தது. அவர் அறிவுரை சொன்னார், கட்டாயப்படுத்தவில்லை. மெல்ல மெல்ல மறையும் என்று நம்பினார். மறையவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை ஒழிக்க ஆணை பிறப்பித்தபோது, தஞ்சையிலும் திருச்சியிலும் பலர் சபையை விட்டே விலகினர். சுவார்ட்ஸ் வளர்த்த புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் அந்த ஆணையை எதிர்த்தவரே. அந்தக் காலத்தை வைத்து எடைபோட வேண்டும் என்று சிலர் சொல்வர். எனக்கு அது முழு நிறைவு தரவில்லை. தம்மைத் தாழ்த்திக்கொள்வது அவர் கையில் இருந்தது. முன்வரிசையில் இருந்தவரை நகரச் சொல்வதற்கு வேறொரு துணிவு தேவைப்பட்டிருக்கும்.

தஞ்சை மன்னர் துளஜா, தம் இறுதிக் காலத்தில், 1787இல், தத்துப்பிள்ளை சரபோஜியை இவரிடமே ஒப்படைத்தார். சிறுவனுக்குச் சிற்றப்பன் அமர்சிங் இடையூறு செய்தபோது, 1793இல் அவனைச் சென்னைக்கு அனுப்பிக் காத்துப் படிக்க வைத்தவரும் இவரே. சரஸ்வதி மகாலை வளப்படுத்திய சரபோஜி, இந்த அறைவாசியின் மாணவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். மணம் புரியாதவர், சொத்து என்று சொல்லத்தக்கதெல்லாம் பணிக்கே போயிற்று. சரபோஜி வந்து கண்ணீர் விட்டார். சில மாதங்களில் அரியணை ஏறிய அவர், இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் கையால் ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைச் சிவகங்கைப் பூங்கா ஆலயத்தில் வைத்தார். அதில் சுவார்ட்ஸ் சாகும் தறுவாயில் கட்டிலில் கிடக்கிறார். அருகில் நின்று அவர் கையைப் பற்றிக்கொண்டிருப்பவர் மன்னர்.