மணியோசை கேட்டு ஓடி வந்த பிள்ளைகள்

புனித சவேரியார் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன, கோவாவில் வைக்கப்பட்டிருக்கும் அவரது திருவுடலும், சிலுவையை உயர்த்திப் பிடித்த சுரூபமும், டிசம்பர் 3-ஆம் நாள் திருவிழாவுமே. பாரீஸ் பட்டணத்தில் பாடம் சொன்ன அந்த மேதை, நம் கடற்கரைச் சிறுபிள்ளைகளிடம் அகப்பட்டுக்கொண்டு பட்ட பாட்டை நினைப்பவர் சிலரே. அற்புதங்களை எழுத வேறு பலர் உண்டு. ஞாயிறுதோறும் நம் பங்கில் ஞானோபதேசம் கற்பிப்பவர்களை நினைத்து, அடியேன் இதை எழுதத் துணிந்தேன்.

1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டுச் சவேரியார் கோட்டையில் பிறந்தவர் பிரான்சிஸ். பாரீஸில் பட்டம் பெற்று அங்கேயே தத்துவமும் போதித்தார். இஞ்ஞாசியாரின் நட்பு அவர் மனத்தைத் திருப்பியது. 1534-இல் மற்றத் தோழர்களோடு மோன்மார்த் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தார். தமது 35-ஆவது பிறந்த நாளன்று லிஸ்பனில் கப்பலேறி, பதின்மூன்று மாதம் கடலில் அலைந்து, 1542 மே 6-இல் கோவா வந்து சேர்ந்தார். பாப்புவின் தூதர் என்ற பெரிய பதவி அவருக்கு இருந்தது. அவரோ கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய் அடித்து, பிள்ளைகளையும் அடிமைகளையும் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுத்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பரதவர் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் கூடவே தங்கிப் போதிக்கக் குருக்கள் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சுவாமியாருக்கோ தமிழ் தெரியாது. கோவாவில் படித்த இந்நாட்டு மாணவர் மூவர் துணைக்கு வந்திருந்தார்கள், அவ்வளவே.

தூத்துக்குடி அன்று ஒரு சிறிய கடற்கரைப் பட்டினம். அங்கிருந்து அக்டோபர் 28-இல் இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஊருக்குள் கால் வைத்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்களாம். ஏதாவது ஒரு செபம் சொல்லிக் கொடுத்தாலொழிய, கட்டளை செபம் சொல்லவோ, சாப்பிடவோ, தூங்கவோ விடமாட்டார்களாம். மோட்ச இராச்சியம் எப்படிப்பட்டவர்களுடையது என்பது அப்போதுதான் தமக்கு விளங்கத் தொடங்கியது என்கிறார். கூர்மையான புத்தியுள்ள பிள்ளைகள் என்றும் புகழ்கிறார். பாரீஸில் பாடம் சொன்னவர் கொடுத்த சாட்சிப் பத்திரம் இது, நாம் பெருமைப்படலாம்.

ஆனால் எந்த மொழியில் கற்பிப்பது? இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி உட்கார்த்தி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் எல்லாவற்றையும் பல நாள் பாடுபட்டுத் தமிழாக்கினார். பிறகு தாமே சிறுபிள்ளை போல அவற்றை மனப்பாடம் செய்தார். நாளுக்கு இருமுறை மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு மாத காலம் சொல்லிக் கொடுத்தார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித் தரும்படி பிள்ளைகளுக்குக் கட்டளை. வாத்தியார் ஒருவர், உப வாத்தியார்களோ வீட்டுக்கு ஒருவர்!

அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பில் பிழை வராமலா இருக்கும்? விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்துவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேண்டும் என்று அத்தனை பிள்ளைகளும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-இல் தமது துணைவர் மான்சிலாசுக்கு எழுதும்போது சவேரியார் இதைத் திருத்தச் சொல்கிறார். ஆண்டவர் பாடுபட்டதைச் சொல்லுமிடத்திலும் கட்டாயத்தினால் என்று பொருள்படும் சொல் விழுந்திருந்தது. அவர் மனமுவந்தல்லவா பாடுபட்டார், அதையும் எடுத்துவிடச் சொன்னார். தமக்குத் தெரியாத மொழியில் தாமே விட்ட பிழையை ஒளிக்காமல் திருத்திய இந்தத் தாழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் சொன்ன பிழையையும் ஆண்டவர் செபமாகவே ஏற்றுக்கொண்டிருப்பார்.

நோயாளிகளைப் பார்க்க வரும்படி எல்லா வீடுகளிலிருந்தும் அழைப்பு. ஒரு மனிதர் எத்தனை வீட்டுக்குப் போவார்? செபம் தெரிந்த பிள்ளைகளைத் தமக்குப் பதிலாக அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைப் பலமுறை சொல்லி, நம்பிக்கையூட்டிச் செபித்து வந்தார்கள். பலர் குணமடைந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அதே கடிதத்தில் நம் மனத்தை உறுத்தும் செய்தியும் உண்டு. பழைய சிலைகளை வணங்கும் பெரியவர்களைப் பிள்ளைகள் வந்து காட்டிக் கொடுப்பார்கள். அவரும் பிள்ளைகளோடு போய் அச்சிலைகளை உடைப்பார். அது அக்காலத்தின் எண்ணம். பிற சமயத்தாரை மதிக்கும்படி 1965-இல் வத்திக்கான் சங்கம் போதித்த பின் வாழும் நாம், அதை மறைக்கவும் வேண்டாம், மெச்சவும் வேண்டாம்.

ஓர் ஊரை விட்டுப் புறப்படுமுன், செபங்களை எழுத்தில் விட்டு, எழுதத் தெரிந்தவர்களைப் படியெடுக்கச் சொல்லி, தினமும் கற்பிக்க ஒருவரை நியமிப்பார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! இத்துறையின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளின் படிப்புக்குத் திருப்பினார். நம் கடலில் எடுத்த முத்தின் பணம் நம் பிள்ளைகளுக்கே வந்தது.

பிறகு மலாக்கா, மொலுக்காஸ் தீவுகள், 1549-இல் ஜப்பான் என்று அவர் பயணம் நீண்டது. சீனாவுக்குள் நுழைய வழி பார்த்து, அதன் கரைக்கு எதிரே சான்சியான் தீவில் காத்திருக்கையில் காய்ச்சல் கண்டு, 1552 டிசம்பர் 3-ஆம் நாள் ஒரு குடிசையில் உயிர் நீத்தார். வயது 46. குருவானவர் எவரும் பக்கத்தில் இல்லை. கடைசிவரை அருகிலிருந்து பணிவிடை செய்தவர் அந்தோணி என்ற சீன வாலிபர். கோவாக் கல்லூரியில் படித்த ஒரு மாணவர்.