போட்லி காத்தவையும் கழித்தவையும்

1559ஆம் ஆண்டு தாமஸ் போட்லி மாணவராக வந்து சேர்ந்தபோது, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் நூலகம் என்ற பெயரால் எஞ்சியிருந்தது ஒரு வெற்றுக்கூடமே. குளோஸ்டர் கோமகன் ஹம்ஃப்ரி வழங்கிய இருநூற்று எண்பதுக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளுக்கென எழுப்பப்பெற்று 1488இல் திறக்கப்பட்ட கூடம் அது. 1550இல் சமயச் சீர்திருத்தத்தின் பெயரால் அச்சுவடிகள் அகற்றப்பட்டன. பழைய சமயத்தின் வாடை வீசுவன என்பதே அவற்றின் குற்றம். 1556இல் பல்கலைக்கழகமே நூல்தட்டுகளையும் விற்றுவிட்டது. நூலில்லாத இடத்தில் பலகை எதற்கு என்று எண்ணினர் போலும்!

போட்லி 1545இல் எக்சீட்டர் நகரில் பிறந்தவர். தந்தையார் சீர்திருத்தச் சமயத்தவர். மேரி அரசியின் காலத்தில் குடும்பத்தோடு ஜெனீவாவுக்குப் புலம்பெயர்ந்தார். அங்கே சிறுவயதிலேயே எபிரேயமும் கிரேக்கமும் பயின்ற போட்லி, பின்னாளில் மெர்ட்டன் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்தார். எலிசபெத் அரசியின் தூதராக ஹேக் நகரிலும் பணியாற்றினார். 1586இல் அவர் மணந்த ஆன் பால் அம்மையார், மீன் வணிகத்தில் பொருளீட்டிய ஒருவரின் கைம்பெண். ஆக்ஸ்போர்டில் பின்னர் அடுக்கப்பெற்ற இலத்தீன் ஏடுகளுக்கு மத்தி மீன் விற்ற காசும் உதவியது.

அரசவைச் சூழ்ச்சிகளில் மனம் வெறுத்து ஒதுங்கிய போட்லி, 1598இல் அக்கூடத்தைத் தம் செலவில் மீட்டமைக்க முன்வந்தார். அவருடைய சமயத்தின் பெயரால் அழிந்ததை அவரே மீட்டார் என்பது எண்ணத்தக்கது. 1602 நவம்பர் 8ஆம் நாள் ஏறத்தாழ 2,000 நூல்களோடு நூலகம் திறந்தது. 1605இல் அதன் பட்டியல் அச்சேறியது. நூல்களை எவருக்கும் வெளியே தருவதில்லை என்னும் விதியை அவர் இரும்பெனப் பிடித்தார். அவர் மறைந்த பின்னர் முதலாம் சார்லஸ் மன்னருக்கும் அதுவே விடையாயிற்று.

நாட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத சீன நூல்களை 1604 முதலே போட்லி வாங்கி வைத்தார். என்றோ ஒருநாள் படிப்பவர் வருவார் என்னும் நம்பிக்கை அன்றி இதற்கு வேறு காரணம் காண்பது அரிது. அந்நூலகம் பிற்காலத்தும் அந்நெறியில் நின்றது. 1580இல் கொச்சியில் அச்சான ஹென்றீக்கே அடிகளாரின் தமிழ் நூலாகிய கொம்பெசியோனாயரு மறைந்துபோனதாகவே எண்ணப்பட்டிருந்தது. அதன் படி ஒன்று இந்நூலகத்தில் இருப்பதைக் கிரஹாம் ஷா 1982இல் எடுத்துக்காட்டினார்.

தொலைநாட்டு ஏட்டிடம் காட்டிய இப்பரிவைத் தம் தெருவில் விற்ற நூலிடம் போட்லி காட்டவில்லை. பதிவாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி விலையின்றிப் பெற 1610இல் இலண்டன் அச்சகத்தார் சங்கத்தோடு உடன்படிக்கை செய்தவரும் அவரே. ஆயினும் முதல் நூலகர் தாமஸ் ஜேம்ஸ் உள்ளூர்ச் சிறுநூல்களையும் சேர்க்கத் தொடங்கியதும் சினந்து தடுத்தார். பஞ்சாங்கம், நாடகம், அறிவிப்புத் தாள் ஆகியவை கூடத்தின் மதிப்பைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து. நாடகங்களில் நாற்பதுக்கு ஒன்றுகூடத் தேறுவது அரிது என்று 1612இல் அவர் கணக்கிட்டார். ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்த காலம் அது! ஆங்கிலம் அன்று புலவர் மொழியாகக் கருதப்படவில்லை என்று அமைதி கூறலாம். ஆனால் சீனமும் அங்கே புலவர் மொழியாக இருந்ததில்லை.

1613 சனவரி 28ஆம் நாள் போட்லி மறைந்தார். மெர்ட்டன் கல்லூரித் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். பத்தாண்டு கழித்து, 1623இல், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுதி வெளிவந்தது. அது நூலகத்துக்கு வந்து, கட்டமைக்கப்பட்டு, வழக்கப்படி சங்கிலியிட்டு வைக்கப்பட்டது. 1664இல் ஏழு நாடகங்கள் கூடுதலாகச் சேர்ந்த மூன்றாம் பதிப்பு வந்ததும், பழையது மிகை எனக் கழிக்கப்பட்டு விலைக்குப் போயிற்று என்பர். புதிதாகச் சேர்ந்த ஏழில் ஆறு ஷேக்ஸ்பியர் எழுதியன அல்ல என்பது பின்வந்த ஆய்வாளர் முடிவு.

1905இல் ஓர் இளைஞர் தம் குடும்பத்துப் பழைய நூல் ஒன்றைச் செப்பனிடக் கருத்துக் கேட்டு அந்நூலகத்துக்கே கொண்டுவந்தார். கட்டமைப்பைக் கண்ட நூலகத்தார், அது தாங்கள் கழித்த படியே என அறிந்தனர். அமெரிக்கச் செல்வர் ஒருவர் 3,000 பவுன் தர முன்வந்தார். அதே தொகையை நூலகம் பலரிடம் நன்கொடையாகத் திரட்டி 1906இல் நூலை மீட்டது. அதன் ஏடுகளுள் ரோமியோவும் ஜூலியட்டும் வரும் பக்கங்களே மிகவும் தேய்ந்திருக்கின்றன. அது சங்கிலியில் கிடந்த நாளில் ஆக்ஸ்போர்டு மாணவர் கைபட்டுத் தேய்ந்தவை அவை என்பர்.